சைவம் நிறைய, அசைவம் அளவா: ஃப்ளெக்ஸிடேரியன் சாப்பாட்டை நம்ம வீட்டுல பழக்கிக்கறது எப்படி

"டயட்ல இருக்கேன்"னு யாராவது சொன்னா அடுத்த நிமிஷமே நாம கேக்கறது "எத்தனை நாளைக்கு?"ன்னு தான். கல்யாணத்துக்கு முன்னாடி ரெண்டு மாசம், சுகர் ரிப்போர்ட் வந்ததுக்கு அப்புறம் ஒரு மாசம்னு, டயட்னாலே ஒரு தேதியில ஆரம்பிச்சு ஒரு தேதியில முடியற விஷயமா நம்ம மனசுல பதிஞ்சு போச்சு. அந்த ரெண்டு மாசம் சோத்தையே தொடாம இருந்துட்டு, முடிஞ்ச அன்னைக்கே பிரியாணி ஆர்டர் பண்ணி, குறைஞ்ச வெயிட்டெல்லாம் திரும்ப ஏறி, "எனக்கு எந்த டயட்டும் செட் ஆகாது"ன்னு விட்டுடறவங்க எவ்வளவு பேரு. உண்மையில வருஷம் முழுக்க, வழக்கமா, யாரும் பார்க்காதப்போ நீங்க என்ன சாப்பிடுறீங்களோ அது தான் உங்க டயட். செவ்வாய்க்கிழமை மதியம் டிஃபன் பாக்ஸ்ல இருக்கறது, ராத்திரி பத்து மணிக்கு பசிச்சா எடுக்கறது எல்லாம் சேர்த்து.

அப்படி பார்த்தா ஃப்ளெக்ஸிடேரியன் முறை இதுக்கு நல்லாவே பொருந்துது. சாப்பாட்டுல பெரும்பங்கு காய், கீரை, பருப்பு, பயறு, தானியம், கடலை வகைகள், அப்பப்போ அளவா மீன், முட்டை, கறி. அவ்வளவு தான். கீட்டோன்னா மாவுச்சத்தை கிட்டத்தட்ட ஒதுக்கணும், வீகன்னா பால் தயிர் கூட கூடாது. இதுல அப்படி தடை பட்டியல் எதுவும் இல்ல, வாரத்துக்கு இத்தனை வேளை தான் அசைவம்னு எல்லாரும் ஒத்துக்கிட்ட ஒரே கணக்கும் இல்ல. அது தான் இதோட பலம், ஆனா கவனமா இல்லன்னா அதுவே பலவீனமும் ஆயிடும், ஏன்னா விதியே இல்லாத ஒண்ணை யாராலயும் கடைபிடிக்க முடியாது, அதுனால உங்க வீட்டுக்கு ஒரு விதியை நீங்க தான் போட்டுக்கணும்.

நல்ல விஷயம் என்னன்னா நம்மாளுங்களுக்கு இது புதுசு இல்ல. 2014ல சாம்பிள் ரெஜிஸ்ட்ரேஷன் சிஸ்டம்ங்கற மத்திய அரசு கணக்கெடுப்புல தமிழ்நாட்டுல 100க்கு 97 பேருக்கு மேல அசைவம் சாப்பிடறவங்க. ஆனா அதே வீடுகள்ல நிறைய வீட்டுல வெள்ளி செவ்வாய் கறி எடுக்க மாட்டாங்க, அமாவாசை கிருத்திகை கிடையாது, புரட்டாசி மாசம் முழுக்க கிடையாது, சபரிமலைக்கு மாலை போட்டா ஒரு மண்டலம் கிடையாது, கிறிஸ்தவ வீடுகள்ல தவக்காலத்துல கறி எடுக்காதவங்க நிறைய பேர். அசைவத்துக்கு நாள் வச்சு சாப்பிடற பழக்கம் ஏற்கனவே நம்ம கையில இருக்கு. இல்லாதது ஒண்ணே ஒண்ணு தான். கறி இல்லாத நாள்ல அந்த இடத்துக்கு என்ன வருதுன்னு நாம யோசிக்கறது இல்ல.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டை கொஞ்சம் நினைச்சு பாருங்க. ஒரு மலை சோறு, தண்ணியா ஒரு சாம்பார், உருளைக்கிழங்கு வறுவல், ரசம், அப்பளம், விசேஷம்னா வடை பாயசம். சைவம் தான், சந்தேகமே இல்ல, ஆனா தட்டுல முக்கால்வாசி மாவுச்சத்தும் எண்ணெயும். புரட்டாசி முழுக்க கறி சாப்பிடாம இருந்துட்டு வெயிட் ஏறிடுச்சுன்னு சொல்றவங்க இருக்காங்க, காரணம் இது தான். 2023ல வெளிவந்த ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) இண்டியாப் ஆய்வு இந்தியாவுல 10 கோடிக்கும் மேல சர்க்கரை நோயாளிங்க இருக்காங்கன்னு சொல்லிச்சு, அந்த ஆய்வை முன்னின்னு நடத்தினதே நம்ம சென்னையில இருக்கற மெட்ராஸ் டயபெட்டீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் தான். அப்படி ஒரு நாட்டுல கறியை எடுத்துட்டு அந்த இடத்துல சோத்தை கொட்டறது எந்த வகையிலயும் டயட் ஆகாது. கறியை குறைக்கறதுல பாதி வேலை தான் இருக்கு, அந்த இடத்தை எதால நிரப்பறோம்ங்கறது தான் மீதி பாதி, அது தான் கஷ்டமான பாதியும் கூட.

சரி, எப்படி ஆரம்பிக்கறது?

முதல் ஒரு வாரம் எதையும் மாத்தாதீங்க, எழுத மட்டும் செய்ங்க. போன்லயோ காலண்டர் ஓரத்துலயோ, மூணு வேளையும் நடுவுல கொறிச்சதும். கலோரி கணக்கெல்லாம் வேணாம். எத்தனை வேளை கறி, மீன், முட்டை, எத்தனை வேளை பருப்பு பயறு உருப்படியா வந்துச்சு, காய் எத்தனை கரண்டி, வெளிச்சாப்பாடு எத்தனை தடவை. வாரக் கடைசியில அதை பார்த்தா நீங்க எந்த பக்கம்னு தெரிஞ்சிடும். ஞாயித்துக்கிழமை மட்டும் கறி எடுக்கற வீடுன்னா உங்க பிரச்சனை கறி இல்ல, சோறு தான். ஐடி கம்பெனியில வேலை, ரூம்ல தங்கி இருக்கீங்க, வாரத்துல நாலு நாள் சிக்கன் ரைஸ், கிரில் சிக்கன், பிரியாணின்னு போகுதுன்னா உங்களுக்கு நிஜமாவே அசைவத்தை குறைக்க வேண்டி இருக்கு. ரெண்டு பேருக்கும் ஒரே அட்வைஸ் சொன்னா சரி வராது.

அசைவத்துக்கு ஒரு அளவு வேணும்னா 2019ல ஈட்-லான்செட் கமிஷன் போட்ட கணக்கை கையில வச்சுக்கலாம். 16 நாடுகள்ல இருந்து 37 விஞ்ஞானிங்க சேர்ந்து, உடம்புக்கும் பூமிக்கும் ஒத்துவர்ற சாப்பாடு எதுன்னு பார்த்தாங்க, வந்த விடை கிட்டத்தட்ட ஃப்ளெக்ஸிடேரியன் தட்டு தான். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஆடு, மாடு மாதிரி சிவப்பு இறைச்சி 14 கிராம், கோழி 29 கிராம், மீன் 28 கிராம். தினமும் 14 கிராம் கறி யாரும் சமைக்கப் போறது இல்ல, அதை வாரத்துக்கு மாத்துங்க, மட்டன் 100 கிராம், கோழி 200, மீன் 200 பக்கம் வரும். நாலு பேர் இருக்கற வீட்டுக்கு வாரம் 400 கிராம் மட்டன், 800 கிராம் கோழி, 800 கிராம் மீன். ரொம்ப பேருக்கு இது தாராளமா தெரியும், நம்ம வீடுகள் பல இதுக்கு உள்ள தான் இருக்கு. இது மேல் வரம்பு மாதிரி வச்சுக்கங்க, இவ்வளவு சாப்பிட்டே ஆகணும்னு இல்ல.

சாசேஜ், சலாமி, பேக்கன் மாதிரி பதப்படுத்தின இறைச்சியை மட்டும் நான் இந்த அளவுக்குள்ள சேர்க்கவே மாட்டேன். உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி பிரிவு 2015லயே அதை புற்றுநோய் உண்டாக்கும்னு உறுதியான முதல் வகையில வச்சுட்டாங்க. தினமும் 50 கிராம் சாப்பிட்டா பெருங்குடல் புற்றுநோய் வர்ற வாய்ப்பு 18% கூடுதுன்னு கணக்கு. குழந்தைங்க டிஃபன் பாக்ஸுக்கு ஈஸியா இருக்குன்னு ஃப்ரீசர்ல வாங்கி அடுக்கறவங்க இதை மட்டும் நிறுத்தினாலே பெரிய மாற்றம்.

அடுத்து நாள் குறிக்கறது. ஏற்கனவே கறி எடுக்காத நாள் எதுவோ அதையே அஸ்திவாரமா வச்சுக்கங்க, எல்லாத்தையும் புதுசா கண்டுபிடிக்க வேணாம், அதோட ஒண்ணு ரெண்டு நாளை சேர்த்தா போதும். வெள்ளியும் செவ்வாயும் விட்டுடறவங்க திங்களையும் வியாழனையும் சேர்த்துக்கங்க, புதன்ல மீனோ முட்டையோ, ஞாயிறு கறி, சனிக்கிழமை அவங்கவங்க வீட்டு வழக்கம். நாள் கணக்கு பிடிக்காதவங்க வேளை கணக்கு வச்சுக்கலாம், அதாவது பகல்ல எப்பவும் சைவம், அசைவம்னா ஒரே ஒரு வேளை தான், அதுவும் வாரத்துல மூணு தடவைக்கு மேல இல்லன்னு. ஹாஸ்டல், மெஸ் ஆளுங்களுக்கு இது தான் சுலபம். தமிழ்நாட்டு கிழக்கு கடற்கரையில ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம், மீன் வரத்து குறைஞ்சு விலை ஏறிக் கிடக்கும், அந்த ரெண்டு மாசத்தை பயறு வகைகளை பழகிக்கற சீசனா வச்சுக்கறது பர்ஸுக்கும் நல்லது.

இப்போ முக்கியமான இடத்துக்கு வர்றேன், தட்டு. ஹைதராபாத்துல இருக்கற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ல வெளியிட்ட வழிகாட்டுதல்ல ஒரு நாளைக்கு 2000 கலோரி சாப்பிடற ஆளுக்கு ஒரு தட்டு போட்டிருக்காங்க. அரிசி, கோதுமை, சிறுதானியம் எல்லாம் சேர்த்து 250 கிராம், காய் கீரை 400 கிராம், பழம் 100 கிராம், பருப்பு பயறு முட்டை கறி எல்லாம் சேர்த்து 85 கிராம், கடலை விதைகள் 35 கிராம், எண்ணெய் 27 கிராம், பால் தயிர் 300 மில்லி. தானியத்தை விட காய் அதிகம்ங்கறதை கவனிச்சீங்களா? எல்லாமே சமைக்கறதுக்கு முந்தின எடை. நம்ம வீட்டுல அரிசியை ஆழாக்கு கணக்குல அளக்கறோம், பீன்ஸை மட்டும் கால் கிலோ வாங்கி நாலு பேருக்கு பொரியல் பண்றோம். இதை திருப்பி போடறது தான் வேலை.

புரோட்டீன் கணக்கும் ஒரு தடவை போட்டு பார்த்துடுங்க. ஆரோக்கியமான பெரியவங்களுக்கு உடம்பு எடையில ஒரு கிலோவுக்கு 0.83 கிராம்ங்கறது ஐசிஎம்ஆர் பரிந்துரை, 60 கிலோ ஆளுக்கு 50 கிராம். நூறு கிராம் துவரம்பருப்பு போட்டு நாலு பேருக்கு சாம்பார் வச்சா ஒருத்தருக்கு 25 கிராம் பருப்பு, அதுல புரோட்டீன் 5 கிராம் சொச்சம் தான். "நாங்க தான் தினமும் சாம்பார் சாப்பிடுறோமே"ன்னு சொல்றவங்களுக்கு இந்த கணக்கு தெரியணும். சாம்பாரோட நிறுத்தாம கூடவே ஒரு சுண்டலோ கூட்டோ வேணும். காலையில 50 கிராம் பச்சைப்பயறு ஊறவச்சு அரைச்சு தோசை ஊத்தினா 12 கிராம். மதியம் சோறு சாம்பாரோட ஒரு கிண்ணம் கொண்டைக்கடலை சுண்டல், தயிர் சேர்த்தா 20க்கு மேல போயிடும். சாயங்காலம் பிஸ்கட்டுக்கு பதிலா ஒரு கைப்பிடி வேர்க்கடலை 7 கிராம். ராத்திரி ரெண்டு சப்பாத்தியும் கெட்டியா ஒரு பருப்பும் ஒரு டம்ளர் பாலும்னா அந்த நாளுக்கு 50ஐ தாண்டியாச்சு, கறித்துண்டு ஒண்ணு கூட இல்லாம. புரோட்டீன் அமினோ அமிலங்களால ஆனது, அதுல அரிசியில குறையா இருக்கற லைசின் பருப்புல இருக்கு, பருப்புல குறையா இருக்கற மெத்தியோனின் அரிசியில இருக்கு, அதுனால இட்லி, பொங்கல், அடை எல்லாமே நல்ல ஜோடி. அடையில மட்டும் பருப்பை கொஞ்சம் தாராளமா போடுங்க, அரிசிக்கு சமமா, இல்ல அதுக்கு மேலயே.

பயறு சாப்பிட்டா வாயு பிடிக்குதுன்னு நிறைய பேர் பாதியில விட்டுடறாங்க. எட்டு மணி நேரம் ஊறவச்சு அந்த தண்ணியை கொட்டிட்டு புதுத் தண்ணியில வேக வைங்க, நல்லா மசியற பதத்துக்கு வேகணும், நறுக்குனு இருந்தா கண்டிப்பா வயிறு பேசும். பெருங்காயம், இஞ்சி, பூண்டு சேர்த்துக்கங்க. முதல் வாரமே தினமும் ஒரு கிண்ணம்னு போகாம ரெண்டு மூணு கரண்டியில ஆரம்பிங்க, குடலுக்கு பழக சில வாரம் ஆகும். ஞாயித்துக்கிழமை ராத்திரி கொண்டைக்கடலை, காராமணி, மொச்சைன்னு மூணு கிண்ணத்துல ஊறப்போட்டு, மறுநாள் வேக வச்சு ஃப்ரிட்ஜ்ல வச்சுட்டா நாலு நாளைக்கு பிரச்சனை இல்ல, இது ஒண்ணு தான் வேலைக்கு போறவங்க வீட்டுல இந்த முறையை காப்பாத்தும்னு நான் நம்பறேன்.

கறியை அடியோட விடாம நீட்டி சமைக்கறது இன்னொரு வழி. எனக்கு இதுல தான் ரொம்ப மரியாதை, ஏன்னா நம்ம பழைய சமையல்ல இது கொட்டிக் கிடக்கு. தமிழ் முஸ்லிம் வீட்டு தால்ச்சாவை பாருங்க, கொஞ்சம் எலும்போட பருப்பு, கத்திரிக்காய், மாங்காய்னு போட்டு ஒரு பந்திக்கே பரிமாறிடுவாங்க. ரம்ஜான் நோன்புக் கஞ்சியில அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயத்தோட கொத்துக்கறி பேருக்கு தான் இருக்கும், ஆனா வாசனை தெருவுக்கே வரும். கருவாட்டுக் குழம்புல ரெண்டு துண்டு கருவாடு, மிச்சமெல்லாம் மொச்சையும் கத்திரிக்காயும். சுரைக்காய் இறால், முருங்கைக்கீரையில முட்டை உடைச்சு ஊத்தின பொரியல். இதுலெல்லாம் அசைவம் ருசிக்கு வருது, வயித்தை நிரப்பறது காயும் பருப்பும். அதே மாதிரி அரை கிலோ மட்டன் எடுக்கற இடத்துல கால் கிலோ எடுத்து முருங்கைக்காய், உருளையோட குழம்பு வைங்க, கொத்துக்கறிக்கு சரிபாதி பச்சைப்பட்டாணி, சிக்கன் குருமாவுல ஒரு கப் வெந்த கொண்டைக்கடலை. வீட்டுல யாரும் குறை சொல்ல மாட்டாங்க, குழம்பு ருசி மாறாது. கருவாட்டுல உப்பு ஜாஸ்தி, ஒரு நாளைக்கு மொத்த உப்பே 5 கிராமுக்குள்ள இருக்கணும்ங்கறதால நல்லா கழுவிட்டு, அன்னைக்கு குழம்புல உப்பை குறைச்சு போடுங்க.

முழு சைவ நாள்ல கறி ருசிக்கு ஏங்கறவங்களுக்கு மசாலா தான் மருந்து. காளான் மிளகு வறுவல், வாழைப்பூ கோலா, பலாக்காய் சுக்கா, சேனைக்கிழங்கை மீன் மசாலா தடவி தோசைக்கல்லுல வறுக்கறது. ஆனா ஒண்ணு, காளான்லயும் பலாக்காய்லயும் புரோட்டீன் ரொம்ப கம்மி, கறி மாதிரி இருக்குன்னு கறிக்கு பதில்னு நினைச்சுடாதீங்க, பக்கத்துல பயறு வேணும். மீல்மேக்கர் அப்படி இல்ல, காஞ்ச எடையில 100 கிராமுக்கு 50 கிராம் கிட்ட புரோட்டீன். உப்பு போட்ட கொதிதண்ணியில ஊறவச்சு, ரெண்டு மூணு தடவை பிழிஞ்சு அலசிட்டு சுக்கா பண்ணினா அந்த பச்சை வாடை வராது.

வெளில சாப்பிடறப்போ "சைவம் தானே"ன்னு பரோட்டா, ஃப்ரைடு ரைஸ், கோபி மஞ்சூரியன் பக்கம் போறதை விட ஒரு ஆம்லெட்டோ மீன் குழம்பு சாப்பாடோ எவ்வளவோ மேல். மதிய சாப்பாடுன்னா முதல் தடவை வைக்கற சோறோட நிறுத்திட்டு கூட்டு, பொரியல், கீரையை ரெண்டாவது தடவை கேட்டு வாங்குங்க, தயங்காதீங்க. சொந்தக்காரங்க வீட்டு விருந்து, கிடா வெட்டு, கல்யாண பிரியாணி இதுக்கெல்லாம் நிம்மதியா போய் சாப்பிடுங்க. மறுநாள் பட்டினி கிடக்க வேணாம், வழக்கமான தட்டுக்கு திரும்பிடுங்க. வருஷத்துக்கும் சேர்த்து பார்க்கறப்போ ஒரு விருந்து எதையும் கெடுக்காது, விருந்துக்கு அப்புறம் "எல்லாம் போச்சு"ன்னு விட்டுடறது தான் கெடுக்கும்.

பிறந்ததுல இருந்தே சைவமா இருக்கறவங்களுக்கு இதுல ஒண்ணும் கட்டாயம் இல்ல. முட்டை மட்டும் சேர்த்துக்கலாமான்னு யோசிக்கறவங்க இருக்காங்க, ஒரு முட்டையில 6 கிராம் புரோட்டீன், பி12 வைட்டமின் கொஞ்சம் இருக்கு, அது உங்க விருப்பம். வீட்டு சமையலறையில பெரியவங்களுக்கு ஒப்பலைன்னா தனிப் பாத்திரம், தனி அடுப்புன்னு பேசி முடிவு பண்ணிக்கங்க, சாப்பாட்டுக்காக அம்மா மனசை நோக அடிக்க வேணாம்.

பி12 பத்தி கொஞ்சம் கண்டிப்பா சொல்லணும். அது இயற்கையா கறி, மீன், முட்டை, பால் பொருள்ல தான் நம்பகமா கிடைக்கும், கீரையில தேடி பிரயோஜனம் இல்ல. அசைவத்தை நல்லா குறைச்சவங்க தயிர், பால், முட்டையை விடாம வச்சுக்கங்க. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் ரொம்ப நாளா எடுக்கறவங்களுக்கு அந்த மாத்திரையாலயே பி12 குறைய வாய்ப்பு இருக்கு, கால் மரத்துப் போறது, காரணமில்லாத அசதின்னா டாக்டர்கிட்ட சொல்லி டெஸ்ட் எடுங்க. இரும்புச்சத்து செடி உணவுல இருந்து உடம்புல சேர்றது கறியை விட கம்மி, அதுனால கீரை, சுண்டல் மேல எலுமிச்சை பிழிங்க, நெல்லிக்காய் தொட்டுக்கங்க, சாப்பிட்ட கையோட டீ காபி குடிக்காம ஒரு மணி நேரம் தள்ளி போடுங்க. சுண்ணாம்புச்சத்துக்கு கேழ்வரகு, எள்ளு, முருங்கைக்கீரை, அசைவ நாள்ல முள்ளோட சாப்பிடற நெத்திலி.

சிறுநீரக பிரச்சனை இருக்கறவங்க இதுல சொன்ன பருப்பு அளவை அப்படியே எடுத்துக்கக் கூடாது, அவங்களுக்கு புரோட்டீன் கணக்கே வேற. இன்சுலின் போடறவங்க திடீர்னு சோத்தை பாதியாக்கினா சுகர் இறங்கிடும், டாக்டரோட பேசிட்டு மாத்துங்க. கர்ப்பமா இருக்கறவங்க, ஹீமோகுளோபின் கம்மின்னு மாத்திரை எடுக்கறவங்களும் அப்படியே.

பலன் தெரியுதான்னு தினமும் வெயிங் மெஷின்ல ஏற வேணாம். ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எச்பிஏ1சி, கொலஸ்ட்ரால், ஹீமோகுளோபின், பி12 ஒரு தடவை பார்த்து வச்சுக்கங்க. எச்பிஏ1சி கடந்த ரெண்டு மூணு மாச சராசரியை காட்டற டெஸ்ட், அதுனால மூணு மாசத்துக்கு முன்னாடி திரும்ப எடுத்து பிரயோஜனம் இல்ல. மூணு மாசம் கழிச்சு எடுத்த ரிப்போர்ட்டை முதல் வாரம் எழுதி வச்ச சாப்பாட்டு குறிப்போட பக்கத்துல வச்சு பாருங்க, பி12 குறைஞ்சிருந்தா வாரத்துக்கு ஒரு மீன் வேளையோ ரெண்டு முட்டையோ கூட்டிட்டு டாக்டர்கிட்டயும் காட்டுங்க, சுகர் அப்படியே இருந்தா சோத்துக் கரண்டியை தான் முதல்ல பார்க்கணும்.